நம் பிரதிநிதியின் அன்றாடம்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாராளுமன்ற உறுப்பினர் என்பவர் என்னதான் வேலை செய்கிறார் என்று தெருவில் போகிற யாரையேனும் நிறுத்திக் கேட்டால், "டில்லியிலே பேசுகிறார்" என்று ஒரு சாராரும், "டில்லியிலே கூச்சல் போடுகிறார்" என்று மற்றொரு சாராரும் சொல்லுவார்கள். இரு சாராரும் தொலைக்காட்சியில் கண்டதை வைத்துக்கொண்டே சொல்கிறார்களாதலால் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் மக்களவை உறுப்பினர் ஒருவரிடம் சில ஆண்டுகள் உதவியாளனாக இருந்து, அவருக்கு வந்த தபாலைப் பிரித்தும், அவர் சொல்லச் சொல்லக் கடிதங்களைத் தட்டச்சுச் செய்தும், அவரைத் தேடி வந்தவர்களுக்கு நாற்காலி போட்டும் பழகியவன் என்ற ஒரே யோக்கியதையைக் கொண்டு நான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சபையில் எழுந்து பேசுவது அந்த உத்தியோகத்தில் மிகச் சிறிய பகுதி. எதிர்க்கட்சியின் பின்வரிசையில் உட்காரும் ஓர் உறுப்பினர் ஒரு வருஷம் முழுவதும் பேசிய நிமிஷங்களைக் கூட்டிப் பார்த்தால், இன்று மாலை உங்கள் பொறுமையைச் சோதித்து நான் பேசப்போகும் நேரத்தை அது அதிகமாகத் தாண்டிவிடாது.

மீதிப் பொழுதெல்லாம் எங்கே போகிறது என்பதுதான் விஷயம்.

அதை அறிந்துகொள்ளுமுன் அவருடைய தொகுதியின் பரப்பைச் சற்று மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் மாநிலத்துக்குச் சட்டசபையில் 234 இடங்கள். மக்களவையில் 39 இடங்கள். எனவே ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டசபைத் தொகுதிகள் அடக்கம். 1952-இல் முதல் மக்களவை கூடியபோது நாடு முழுவதிலும் இருந்த வாக்காளர்கள் பதினேழு கோடியைச் சற்றே தாண்டியவர்கள்; அவர்களுக்கு 489 உறுப்பினர்கள் என்று வகுத்துப் பார்த்தால் ஓர் உறுப்பினருக்கு மூன்றரை லட்சம் வாக்காளர்கள் வருகிறார்கள். 2024 தேர்தலின்போது தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரியாகப் பதினாறு லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள். இத்தனை பேரில் ஆயிரத்தில் ஒருவர் வருஷத்துக்கு ஒரு முறை அவரைப் பார்க்க ஆசைப்பட்டாலும், நாளொன்றுக்கு நாலைந்து பேரைத் தனித்தனியே உட்காரவைத்துப் பேசியாக வேண்டும் என்று கணக்கு வருகிறது. ஆனால் வருகிறவர்கள் நாலைந்து பேராக வருவதுமில்லை, தனித்தனியாக வருவதுமில்லை.

ஊரில் இருக்கும் நாட்களில் விடியற்காலையிலேயே வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும். வாசலில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தே விஷயத்தை ஊகிக்கும் சாமர்த்தியம் உதவியாளனாக இருப்பவனுக்குச் சில மாதங்களில் வந்துவிடுகிறது. கையில் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு நிற்பவர் கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர். அவருக்கு மறுப்பே கிடையாது, காதுகுத்தாக இருந்தாலும் போய்த்தான் ஆகவேண்டும், ஏனென்றால் தேர்தல் வரும்போது மசோதாவின் மேல் பேசியதை நினைவு வைத்திருப்பார் ஒருவரும் இல்லை, மொய் எழுதாமல் போனதை மறப்பாரும் ஒருவரும் இல்லை. ரயில் டிக்கெட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு படபடப்பாக நிற்பவர் எமர்ஜென்சி கோட்டாவுக்கு வந்தவர். வண்டியின் சார்ட் தயாராகுமுன் உறுப்பினரின் லெட்டர்பேடில் ஒரு கடிதம் ரயில்வே அலுவலகத்துக்குப் போனால், காத்திருப்போர் பட்டியலில் உள்ள அவர் மகளுக்கு ஒரு படுக்கை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆஸ்பத்திரி மதிப்பீட்டுத் தாளோடு ஓரமாக நிற்பவர் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தவர். முன்பெல்லாம் கோடைகாலத்தில் இவர்கள் எல்லோரையும் தள்ளிக்கொண்டு வேறொரு கூட்டம் வரும். கேந்திரிய வித்யாலயப் பள்ளிகளில் ஓர் உறுப்பினர் வருஷத்துக்குப் பத்துக் குழந்தைகளைச் சேர்க்கச் சிபாரிசு செய்யலாம் என்று இருந்த காலம் அது. பத்து இடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் கேட்டால், பத்துப் பேருடைய நன்றியைச் சம்பாதித்து மற்றவர்களுடைய மனஸ்தாபத்தையும் சம்பாதிக்க வேண்டியதுதான். 2022-இல் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தபோது வெளியே வருத்தப்பட்டவர்களில் சிலர் உள்ளூரச் சந்தோஷப்பட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இவற்றுள் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். ஒரு நாள் காலையில் நடுவயதுப் பெண்மணி ஒருவர், மைத்துனரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தார். கணவர் வளைகுடா நாடொன்றில் கட்டட வேலைக்குப் போனவர். உறக்கத்திலேயே மாரடைப்பால் இறந்துபோனார் என்று கூட இருந்தவர் கைப்பேசியில் சொன்னதோடு சரி. உடல் அங்கே ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் அவர் கொண்டுவந்த காகிதங்கள் மூன்று: பாஸ்போர்ட்டின் மங்கலான நகல், கம்பெனிப் பெயர் அச்சிட்ட அடையாள அட்டையின் புகைப்படம், கூட வேலை பார்த்தவரின் தொலைபேசி எண் எழுதிய நோட்டுத் தாள்.

"ஐயா, கடைசியா ஒரு தடவ மொகத்தப் பாக்கணும், அவ்வளவுதான்யா" என்றார் அந்த அம்மாள். உறுப்பினர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, "கம்பெனிக்காரங்க கையெழுத்து ஏதாவது கேட்டாங்களாம்மா?" என்று விசாரித்தார். மைத்துனர், "அங்கயே அடக்கம் பண்ணச் சம்மதம்னு எழுதிக் குடுங்கன்றாங்க சார். குடுத்துரலாமா?" என்றார். "ஒண்ணும் குடுக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் அப்பொழுதே வெளியுறவு அமைச்சகத்துக்கும் அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கும் கடிதங்களைத் தயாரிக்கச் சொன்னார். அங்கே போலீஸ் அறிக்கை வேண்டும், மரணச் சான்று வேண்டும், வேலை கொடுத்தவர் பாக்கிச் சம்பளத்தைத் தீர்த்ததற்கான கணக்கு வேண்டும், தூதரகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும், விமானக் கம்பெனியின் ஏற்பாடு வேண்டும். இவற்றுள் ஒன்று தாமதமானாலும் மற்றவை நின்றுவிடும். வாரக்கணக்கில் தொலைபேசியிலேயே அந்தக் காரியம் நடந்தது. உடல் வந்து சேர்ந்தது. அந்த அம்மாள் பிறகு ஒரு நாள் வந்து கண்ணீரோடு கும்பிட்டுவிட்டுப் போனார். உறுப்பினர் என்ற பதவியால் ஒரு மனிதருக்கு இதைக்காட்டிலும் நேரடியான உபகாரம் செய்ய முடியுமா என்று கேட்டால், முடியாதென்றே சொல்வேன். ஆயினும் அந்த மாதத்திலேயே அதே மாதிரியான மனுக்கள் இன்னும் சில வந்தன என்பதையும், அடுத்த மாதமும் வந்தன என்பதையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு நான் பிறகு வருகிறேன்.

மாலையானால் அரசாங்கக் கூட்டங்கள். மத்திய அரசின் திட்டங்கள் மாவட்டத்தில் எப்படி நடக்கின்றன என்று கண்காணிக்க, 'திஷா' என்று சுருக்கமாக வழங்கும் மாவட்டக் குழு ஒன்று 2016 முதல் இருக்கிறது; அதற்குத் தலைவர் மக்களவை உறுப்பினரே. கலெக்டர் முதல் எல்லா இலாகா உத்தியோகஸ்தர்களும் கோப்புகளோடு வந்து உட்காருவார்கள். எழுதி வைத்ததைப் படித்து, தேநீர் அருந்தி, கலைந்துபோவதற்கும் அந்தக் கூட்டம் இடம் கொடுக்கும். நூறு நாள் வேலைக்கான கூலி எந்த ஒன்றியத்தில் எத்தனை வாரமாக வரவில்லை என்று பெயர் சொல்லிக் கேட்பதற்கும் இடம் கொடுக்கும். இரண்டில் எது நடக்கிறது என்பது தலைவர் முந்தின இரவு என்ன படித்தார் என்பதைப் பொறுத்தது.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றி ஒரு தப்பெண்ணம் நாடெங்கும் பரவியிருக்கிறது. அதையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். 1993 டிசம்பரில் தொடங்கிய அத்திட்டத்தில் ஓர் உறுப்பினருக்கு முதலில் ஐந்து லட்சமும், பிறகு ஒரு கோடியும், இரண்டு கோடியும், 2011-12 முதல் வருஷத்துக்கு ஐந்து கோடியும் ஒதுக்கப்படுகின்றன. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு ரூபாயும் அவர் கைக்கு வருவதில்லை. இந்தப் பள்ளிக்கு வகுப்பறை, இந்தத் தெருவுக்குக் குடிநீர்த் தொட்டி என்று அவர் பரிந்துரைக்கலாம். மதிப்பீடு போட்டு, அனுமதி கொடுத்து, வேலையை நடத்துவது மாவட்ட நிர்வாகம். ஐந்து கோடி என்பது கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆறு சட்டசபைத் தொகுதிகளுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடிகூட வராது. எனினும் பஸ் நிறுத்தத்து நிழற்குடையில் உறுப்பினரின் பெயர் எத்தனை பெரிய எழுத்தில் இருக்கிறது என்பதை நாம் கவனிக்கிறோமே தவிர, அவர் என்ன கேள்வி கேட்டார் என்பதை ஒரு நாளும் கவனிப்பதில்லை.

சரி, டில்லிக்குப் போவோம். பாராளுமன்றம் வருஷத்துக்கு மூன்று கூட்டத்தொடர்களாகக் கூடுவது சம்பிரதாயம்: பட்ஜெட் தொடர், மழைக்காலத் தொடர், குளிர்காலத் தொடர். முதல் மக்களவை தன் ஐந்தாண்டு ஆயுளில் 677 நாட்கள் கூடியது. 2019 முதல் 2024 வரை இருந்த பதினேழாவது மக்களவை கூடியது 274 நாட்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால், பாராளுமன்றத்தின் கதையில் பாதி விளங்கிவிடும். கூடுகிற நாட்கள் குறைந்தால் பேச வாய்ப்புக் குறைகிறது என்பது மட்டுமல்ல. அமைச்சர்கள் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிய காலை வேளைகளும் அதே கணக்கில் குறைந்துபோகின்றன.

கூட்டத்தொடர் நாளில் நார்த் அவென்யூவிலோ சவுத் அவென்யூவிலோ குடியிருக்கும் ஓர் உறுப்பினர் எழுந்திருக்கும்போதே வாசலில் நம்மூர் ஜனங்கள் நிற்பார்கள். எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து தங்க இடமில்லாதவர், பரீட்சைக்குப் படிக்க வந்த மாணவர், பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டுபவர் என்று டில்லியிலும் தொகுதி அவரை விடுவதில்லை. இவர்களுக்கிடையேதான் அன்றைய அலுவல் பட்டியலைப் படிக்க வேண்டும். நாற்பது பக்க மசோதாவையும் அதன் விளக்கக் குறிப்பையும் படிக்க வேண்டும். கட்சி உறுப்பினர்களின் கூட்டத்துக்குப் போக வேண்டும். பதினொரு மணிக்கு முன் உள்ளே போய், அவைத்தலைவரின் ஆசனத்துக்குத் தலை வணங்கி உட்கார்ந்தால், அங்கே அன்றைக்கு மிக முக்கியமான ஒரு மணி நேரம் ஆரம்பமாகிறது. நான் இந்தச் சொற்பொழிவுக்கு ஒப்புக்கொண்டதே அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சொல்வதற்காகத்தான்.

கேள்வி நேரம் என்பது மக்களவையில் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. அமைச்சகங்களை ஐந்து தொகுதிகளாகப் பிரித்து, வாரத்தின் ஐந்து நாட்களுக்கும் ஒவ்வொன்றாக ஒதுக்கியிருக்கிறார்கள். கேள்வி கேட்க விரும்பும் உறுப்பினர் முழுமையாகப் பதினைந்து நாட்களுக்கு முன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வந்த அறிவிப்புகளையெல்லாம் குலுக்கலில் போட்டு, நாளொன்றுக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியோடும், 230 கேள்விகள் குறியில்லாமலும் பட்டியலில் ஏறுகின்றன. குறியில்லாத கேள்விக்கு அமைச்சர் எழுத்தில் பதில் வைத்துவிட்டால் முடிந்தது. நட்சத்திரக் கேள்விக்கு அவர் எழுந்து நிற்க வேண்டும். கேட்டவர் துணைக்கேள்விகள் இரண்டு கேட்கலாம். பிறகு அவைத்தலைவர் அழைக்கும் வேறு உறுப்பினர்களும் கேட்கலாம். இருபதில் நாலைந்து கேள்விகளே வாய்மொழிக்கு எட்டுகின்றன என்றாலும், இருபதுக்கும் அமைச்சகம் தயாராக இருந்தாக வேண்டும். துணைக்கேள்வி எந்தத் திசையிலிருந்து வரும் என்று தெரியாதாகையால், அந்த இலாகாவின் உயர் உத்தியோகஸ்தர்கள் முந்தின இரவு வரை உட்கார்ந்து, வரக்கூடிய கேள்விகளையெல்லாம் யூகித்து அமைச்சருக்குக் குறிப்பு எழுதுகிறார்கள். மாவட்டத்திலிருந்து தகவல் கேட்டுத் தந்தியும் தொலைபேசியும் பறந்த காலம் போய் இன்று மின்னஞ்சல் பறக்கிறது. இரண்டு வருஷமாக ஒருவரும் தொடாத கோப்பு, ஒரு கேள்வி பட்டியலில் ஏறிவிட்டது என்பதற்காகவே மேசைக்கு வந்துவிடுவதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

சபையிலே ஓர் உறுப்பினருக்கு உள்ள மற்ற உரிமைகளோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். வாக்கு என்று ஒன்று இருக்கிறது. மேசையில் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பொத்தான்களும் இருக்கின்றன. ஆனால் 1985-இல் அரசியல் சட்டத்தின் 52-ஆவது திருத்தத்தால் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடக்கூடும். மசோதாவின் மேல் பேசும் உரிமையும் இருக்கிறது. ஆனால் நேரத்தைக் கட்சிகளின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி பங்கிட்டு, யார் பேசுவது என்பதைக் கட்சித் தலைமை தீர்மானிக்கிறதாகையால், சிறிய கட்சியின் பின்வரிசை உறுப்பினருக்குக் கிடைப்பது மூன்று நிமிஷமோ நான்கு நிமிஷமோதான். வணக்கம் சொல்லி, தலைவருக்கு நன்றி சொல்லி, விஷயத்துக்கு வருமுன் மணி அடித்துவிடும். தாய்மொழியில் பேச அனுமதி உண்டு, மொழிபெயர்ப்பும் உண்டு. கேள்வி நேரத்துக்குப் பின் வரும் பூஜ்ய நேரத்தில் அவசர விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதற்கும் குலுக்கல். 377-ஆம் விதியின் கீழ் ஒரு குறையைக் குறிப்பிடலாம். அது 250 வார்த்தைகளைத் தாண்டக்கூடாது. அமைச்சரல்லாத உறுப்பினர் தாமே கொண்டுவரும் தனி உறுப்பினர் மசோதா என்ற பாக்கியம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணி நேரம் வாய்க்கிறது. சுதந்திரத்துக்குப் பின் அவ்வாறு இரு சபைகளிலும் நிறைவேறிச் சட்டமானவை பதினான்கே, கடைசியாக ஒன்று சட்டமானது 1970-இல். நம் திருச்சி சிவா அவர்கள் கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது பெரிய விஷயமாகப் பேசப்பட்டதற்குக் காரணம் இந்த அபூர்வம்தான். அதுவும் மக்களவையைத் தாண்டவில்லை.

ஆக, வாக்குக்குக் கொறடா காவல், பேச்சுக்குக் கடிகாரம் காவல். கேள்விக்கோ கொறடாவின் காவல் இல்லை. என்ன கேட்க வேண்டும் என்று எந்தக் கட்சியும் உறுப்பினரைச் சட்டத்தால் கட்டிப்போட முடியாது. பின்வரிசையில் உட்கார்ந்தவர் எழுதினாலும் முன்வரிசையில் உட்கார்ந்தவர் எழுதினாலும் குலுக்கலில் ஒரே மதிப்புத்தான். உறுப்பினருக்கென்று தனியாக, முழுமையாகச் சொந்தமான ஆயுதம் ஒன்று உண்டென்றால் அது இதுவே.

அதன் கூர்மைக்கு ஒரு சாட்சி 1957-இல் கிடைத்தது. அதற்கு முந்தின ஆண்டுதான் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலை நாட்டுடைமையாக்கி ஒரே கார்ப்பரேஷனாக அமைத்திருந்தார்கள். சாதாரண ஜனங்கள் தங்கள் பிள்ளைகுட்டிகளுக்காகக் கட்டிய அந்தப் பணத்தில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளை வாங்கப் போயிருந்தது. சபையில் கேள்வியாகக் கிளம்பிய விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, எண்களையும் தேதிகளையும் அடுக்கி, அந்த டிசம்பரில் அரசாங்கத்தைத் திணறவைத்தவர் பெரோஸ் காந்தி. அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளும் காங்கிரஸ் உறுப்பினர். பிரதம மந்திரி நேருவின் மருமகன். பம்பாய் ஹைக்கோர்ட்டின் பிரதம நீதிபதி சக்ளா அவர்களைக் கொண்டு விசாரணை நடந்தது, பகிரங்கமாக நடந்தது, சீக்கிரமாகவும் முடிந்தது. 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாசாரி ராஜினாமா செய்தார். நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த அந்த மந்திரி கெட்டிக்காரர் என்பதில் அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை; ஆனால் சபையில் எழுந்த கேள்விக்குச் சபை திருப்திப்படும் பதில் அவரிடம் இல்லை.

கேள்விக்கு மதிப்பில்லை என்று நினைக்கிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கேள்வி கேட்பதற்காகவே உறுப்பினர்களுக்குப் பணம் கொடுக்க ஆட்கள் முன்வந்த சம்பவங்களும் நம் பாராளுமன்றச் சரித்திரத்தில் உண்டு. 1951-இல், பொதுத்தேர்தலுக்கு முந்திய தற்காலிகப் பாராளுமன்றத்தில், எச்.ஜி. முத்கல் என்ற உறுப்பினர் அந்தக் குற்றத்துக்காக வெளியேற நேர்ந்தது; 2005 டிசம்பரில் இரு சபைகளிலுமாகப் பதினொரு பேரை நீக்கினார்கள். பயனற்ற பண்டத்துக்கு யாரும் இரகசியமாக விலை கொடுக்க மாட்டார்கள்.

பிற்பகலில் சபை காலியாகக் கிடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்து நீங்கள் வருந்தியிருக்கலாம். 543 பேரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 பேர் இருந்தால் சபை நடக்கலாம் என்பது விதி. எழுந்து போனவர்கள் எல்லோரும் தூங்கப் போனார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தூங்கப் போனவர்கள் ஒருவருமில்லை என்றும் சொல்ல மாட்டேன். அமைச்சகத்தில் கோப்பைத் தேடிப் போனவர்கள் உண்டு, நூலகத்தில் இருப்பவர்கள் உண்டு, குழுக் கூட்டத்துக்குப் போனவர்கள் உண்டு. இந்தக் குழுக்கள் நாம் காணாத பாராளுமன்றம். 1993-இல் தொடங்கிய இலாகா நிலைக்குழுக்கள் இன்று இருபத்துநான்கு. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கதவை மூடிக்கொண்டு நடக்கும் அந்தக் கூட்டங்களில் காமிராவும் இல்லை, கூச்சலும் இல்லை. வெளியே ஒருவரை ஒருவர் வசை பாடியவர்கள் உள்ளே ஒரே மேசையில் உட்கார்ந்து செயலாளரைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். வேலை நடக்கும் இடம் அதுதான். ஆனால் பதினைந்தாவது மக்களவைக் காலத்தில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களின் பரிசீலனைக்குப் போயிருக்க, பதினேழாவது மக்களவைக் காலத்தில் நூற்றுக்கு 16 மட்டுமே போயின. இதற்காக ஒரு கடையடைப்பும் நடக்கவில்லை. நம்மில் யாரும் ஒரு தபால்கார்டுகூடப் போடவில்லை.

சம்பளத்தைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாதம் 400 ரூபாயும், சபைக்கு வந்த நாளுக்கு 21 ரூபாயும் என்று இருந்தது. இன்று மாதம் 1,24,000 ரூபாயும் நாளுக்கு 2,500 ரூபாயும் ஆகியிருக்கிறது. வீடு உண்டு, விமானப் பயணம் வருஷத்துக்கு 34 முறை உண்டு. இவை அதிகம் என்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. என் குறை வேறு. அலுவலகச் செலவுக்குக் கொடுக்கும் தொகையில் உதவியாளருக்கென்று ஒதுங்குவது மாதம் ஐம்பதாயிரம். பதினாறு லட்சம் பேருடைய மனுக்களைப் பிரிப்பதற்கும், மசோதாவைப் படித்துக் குறிப்பு எழுதுவதற்கும், கேள்வி தயாரிப்பதற்கும் அதற்குள் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகையால் என்ன நடக்கிறது? மனு எதிரே வந்து நிற்கிறது, அழுகிறது, காலைப் பிடிக்கிறது. மசோதா அழுவதில்லை. எது முதலில் கவனிக்கப்படும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த வளைகுடா மனுக்களுக்கு வருகிறேன். நாலைந்து குடும்பங்களுக்குக் கடிதம் எழுதிய பிறகு, நான் வேலை பார்த்த அந்த உறுப்பினர் ஒரு நாள் இரவு கோப்பை எடுத்துவைத்துக்கொண்டு, "நாம ஒவ்வொருத்தருக்கா தூதரகத்துக்குப் போன் பண்ணிக்கிட்டே இருந்தா, நம்ம தொகுதியில இல்லாதவன் என்ன பண்ணுவான்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, ஒரு தாளை எடுத்துத் தம் கையாலேயே எழுதினார்: கடந்த மூன்று ஆண்டுகளில் வெளிநாடுகளில் இறந்த இந்தியத் தொழிலாளர்கள் நாடுவாரியாக எத்தனை பேர், உடலைக் கொண்டுவர ஆகும் செலவைத் தூதரகம் ஏற்றது எத்தனை பேருக்கு, தாமதத்துக்குக் காரணம் என்ன, வாரிசுகளுக்குச் சேர வேண்டிய சம்பள பாக்கியை வசூலிக்க அரசு என்ன செய்திருக்கிறது. குலுக்கலில் நட்சத்திரம் கிடைக்கவில்லை; எழுத்துப் பதில்தான் கிடைத்தது. ஆனால் நாடுவாரியான அட்டவணையோடு கிடைத்தது. அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு அமைச்சகத்துக்கு அவர் எழுதிய அடுத்த கடிதம், முன்பு எழுதிய சிபாரிசுக் கடிதங்களைப் போல் இல்லை. அதற்கு வந்த மறுமொழியின் தோரணையும் வேறாக இருந்தது. அந்தப் பதில் சபையின் பதிவேட்டில் ஏறிவிட்டது; பத்திரிகைக்காரரும் எடுத்தாளலாம், வேறொரு தொகுதியின் விதவையும் எடுத்துக் காட்டலாம். அந்தக் கேள்விக்காக அவருக்கு ஒரு மாலையும் விழவில்லை, அடுத்த தேர்தலில் அதைப் பற்றி ஒருவரும் பேசவுமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

வார்டு கவுன்சிலர் செய்யக்கூடிய சாக்கடைக் காரியத்தையும், சட்டசபை உறுப்பினர் கேட்க வேண்டிய ரேஷன் கடைக் காரியத்தையும், தாசில்தாரே முடிக்க வேண்டிய பட்டாக் காரியத்தையும் நாம் பாராளுமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோகிறோம். அவரைத் தவிர வேறு எவராலும் செய்ய முடியாத காரியத்தை மட்டும் அவரிடம் ஒருபோதும் கேட்பதில்லை. அவரும் மனிதர்தானே; கேட்பதைக் கொடுக்கிறார், கேட்காததை விட்டுவிடுகிறார். உறுப்பினர்களிடத்தில் குறையே இல்லை என்பது என் வாதமன்று. சபைக்கே போகாதவர்களையும், போனாலும் வாய் திறவாதவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் யார்? ஒவ்வோர் உறுப்பினரும் கேட்ட கேள்விகளும் அமைச்சர் சொன்ன பதில்களும் பாராளுமன்ற வலைத்தளத்தில், தேதி வாரியாக, யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடக்கின்றன. இந்த வாசகர் வட்டத்தில் நாவலுக்கும் கவிதைக்கும் மாதம் ஒரு கூட்டம் போடுகிறீர்கள். வருஷத்தில் ஒரு கூட்டம் நம் தொகுதி உறுப்பினரின் கேள்விகளைப் படிப்பதற்கென்று போட்டால் என்ன?

உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை மக்களவை உறுப்பினரைப் பார்க்கப் போகும்போது மனுவோடு கூட ஒரு கேள்வியையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் மகனுக்கு வரவேண்டிய மத்திய அரசு உதவித்தொகை வரவில்லையென்றால், "என் மகனுக்கு வாங்கிக் கொடுங்கள்" என்று ஒரு தாள். எந்தத் திட்டம், எந்த அமைச்சகம், எந்தக் கல்வியாண்டு, மாநிலத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, நிலுவை எத்தனை மாணவர்களுக்கு என்று இன்னொரு தாள். முதல் தாளுக்கு அவர் கடிதம் எழுதுவார். இரண்டாவது தாளுக்கு அமைச்சர் பதில் எழுத வேண்டியிருக்கும். கேள்வி அறிவிப்பு முழுமையாகப் பதினைந்து நாட்களுக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? ஆதலால் கூட்டத்தொடர் தொடங்கிய பின் போகாதீர்கள். தேதி அறிவித்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.